ஸ்கேன் படத்தைச் சந்தேகிக்கக் கற்பது: மருத்துவப் படவியலில் முனைவர் பட்டம் எதற்கு?

மென்பொருள் எக்ஸ்ரே படத்தைச் சில விநாடிகளில் படித்துவிடுகிறது என்று செய்திகளில் பார்க்கிறோம். அப்படியிருக்க, மருத்துவப் படவியல் ஆராய்ச்சிக்காக ஒருவர் ஏன் நான்கு ஆண்டுகளைக் கொடுக்க வேண்டும், அவருக்கு உபகாரச் சம்பளம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். வீட்டில் எழும் குழப்பம் வேறு மாதிரி. பொறியியல் முடித்த பிள்ளை “எம்.ஆர்.ஐ. ஆராய்ச்சிக்குப் போகிறேன்” என்றால், “அப்போ நீ டாக்டரா ஆகப்போறியா?” என்று பெற்றோர் கேட்பார்கள்.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்ல முடியும். இந்தப் படிப்பில் மாணவர் கற்க வேண்டிய முதல் திறமை சந்தேகம். ஒரு படம் எங்கே பொய் சொல்லும், 95 விழுக்காடு துல்லியம் என்று திரையில் வரும் எண் எப்படி ஏமாற்றும் என்று கண்டுபிடிக்கும் பயிற்சிக்குத்தான் இத்தனை ஆண்டு தேவைப்படுகிறது. அதை அவசரப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்குக் கொவிட் காலமே சாட்சி. பிறகு அதற்கு வருகிறேன், முதலில் அடிப்படை.

## யார் எந்த வேலையைச் செய்கிறார்கள்

1. ரேடியோகிராபர்: நோயாளியைச் சரியாகப் படுக்கவைத்து, இயந்திரத்தை இயக்கிப் படம் எடுப்பவர். சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் இதற்கென்று பட்டப்படிப்பே இருக்கிறது.

2. ரேடியாலஜி மருத்துவர்: மருத்துவம் படித்து, அதன் பிறகு பல ஆண்டு சிறப்புப் பயிற்சி பெற்று, படத்தைப் பார்த்து அறிக்கை எழுதுபவர். அந்த அறிக்கைக்குப் பொறுப்பு இவருடையது.

3. படவியல் ஆய்வாளர்: படம் எடுக்கும் முறையையே மாற்றுபவர், அல்லது படத்திலிருந்து புதிதாக ஏதாவது அளக்க வழி தேடுபவர். பெரும்பாலும் இயற்பியல், மின்பொறியியல், உயிர்மருத்துவப் பொறியியல், கணினி அறிவியல் படித்தவர். பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்ளலாம், நோயாளிக்குச் சிகிச்சை தர முடியாது.

முனைவர் பட்டம் என்று இங்கே பேசுவது மூன்றாமவரைப் பற்றி. மருத்துவர்களும் இதைப் படிப்பதுண்டு, ஆனால் அது அவர்களுடைய மருத்துவப் பயிற்சியிலிருந்து தனியானது.

## ஸ்கேன் என்பது கணக்குப் போட்டு வரைந்த படம்

ரோன்ட்கன் 1895 நவம்பரில் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தபோது கிடைத்தது நிழல். கதிர் ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வந்து தகட்டில் விழுந்தது, அவ்வளவுதான். 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனில் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலையை காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. இயந்திரம் படமெடுத்ததோடு நிலைமை அடியோடு மாறியது. பல கோணங்களிலிருந்து கதிர் எவ்வளவு தடைபட்டது என்று அளந்து, அந்த எண்களிலிருந்து உள்ளே என்ன இருந்திருக்க வேண்டும் என்று கணினி கணக்குப் போட்டுச் சொன்னது. இன்றும் சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண்தான். தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000 என்று அவர் பெயராலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. ஆலன் கோர்மாக்கோடு சேர்ந்து அவருக்கு 1979-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

எம்.ஆர்.ஐ. இன்னும் ஒரு படி தள்ளிப் போகிறது. உடம்பில் இருக்கும் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வலுவான காந்தப்புலத்தில் குறிப்பிட்ட அலைவரிசைக்குப் பதில் சொல்லும், அதை அப்படியே பிடித்துக் கேட்பதுதான் இயந்திரத்தின் வேலை. 3 டெஸ்லா இயந்திரத்தில் அந்த அலைவரிசை ஏறக்குறைய 128 மெகாஹெர்ட்ஸ். இயந்திரம் நேராகச் சேகரிப்பது படத்தை அல்ல, கே-வெளி என்று துறையில் சொல்லும் அலைத் தரவை. அதை ஃபூரியர் உருமாற்றம் என்ற கணித முறையில் போட்டுத் திருப்பினால்தான் மூளை தெரியும். ஸ்கேன் நடக்கும்போது நோயாளி தலையைக் கொஞ்சம் அசைத்துவிட்டால் அந்த அசைவு படத்தில் ஓரிடத்தில் மங்கலாக நிற்காது, படம் முழுக்க அலை அலையாகப் பரவும். பல்லில் உலோகம் இருந்தால் பக்கத்துத் திசுவே காணாமல் போகும்.

இதெல்லாம் தெரியாமல் படக்கோப்பை மட்டும் கையில் வாங்கி வேலை செய்யும் மாணவருக்கு, இரைச்சல் எது, நோய் எது என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. இப்போது இது இன்னும் அவசரமான விஷயம். ஸ்கேன் நேரத்தைக் குறைப்பதற்காகத் தரவில் ஒரு பகுதியை மட்டும் சேகரித்து மீதியைச் செயற்கை நுண்ணறிவை வைத்து நிரப்பும் முறைகள் வந்துவிட்டன. இத்தகைய முறைகளுக்காக 2020-இல் நடந்த ஃபாஸ்ட்எம்ஆர்ஐ போட்டியில் வந்த படங்களை ரேடியாலஜி மருத்துவர்கள் பரிசோதித்தபோது, சிலவற்றில் உடம்பில் இல்லாத அமைப்புகள் இருப்பது போல வரையப்பட்டிருந்தன. படம் பளிச்சென்றுதான் இருந்தது, ஆனால் உள்ளதைக் காட்டவில்லை.

## சிங்கப்பூரில் இந்த நான்கு ஆண்டு

இங்கே இந்தத் துறைக்கு ஒரு பெரிய வசதி, ஆய்வுக்கூடமும் மருத்துவமனையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது. கென்ட் ரிட்ஜில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் அதன் மருத்துவமனையும், ஊட்ரமில் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியும் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையும், நொவீனாவில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான் மருத்துவப் பள்ளியும் டான் டோக் செங் மருத்துவமனையும். அரசாங்க ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டாரின் ஆய்வுக்கூடங்கள் பயோபொலிசில். நல்ல ஹானர்ஸ் பட்டம் இருந்தால் முதுகலை இல்லாமலேயே நேராக முனைவர் பட்டத்துக்குச் சேர முடியும். வெளிநாட்டிலிருந்து, குறிப்பாகத் தமிழ்நாட்டிலிருந்து வர நினைப்பவர்களுக்கு ‘சிங்கா’ என்ற விருது இருக்கிறது. அது கட்டணத்தையும் மாத உதவித்தொகையையும் நான்கு ஆண்டு வரை தருகிறது.

முதல் ஆண்டு பெரும்பாலும் பாடங்களிலும் பழைய ஆய்வுகளைப் படிப்பதிலும் போய்விடும். அதன் பிறகு தகுதித் தேர்வு. செய்யப்போகும் ஆய்வை ஒரு குழுவின் முன் வைத்து, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்ல வேண்டும். அதில் தேறினால்தான் தொடர முடியும். பாதியில் வெளியேறுகிறவர்களில் சிலர் இந்தக் கட்டத்தில்தான் வெளியேறுகிறார்கள்.

இதற்கிடையே கையால் கற்க வேண்டியவை தனி. எம்.ஆர்.ஐ. அறைக்குள் போவதற்கே பாதுகாப்புப் பயிற்சி உண்டு, ஏனென்றால் அந்தக் காந்தம் எந்நேரமும் வேலை செய்துகொண்டே இருக்கும். 2001-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டர் இயந்திரத்துக்குள் இழுக்கப்பட்டு, உள்ளே படுத்திருந்த 6 வயதுச் சிறுவன் இறந்துபோனான். கதிரியக்க மருந்தை உடம்பில் செலுத்திப் படமெடுக்கும் பி.இ.டி. ஆய்வுக்குப் போகிறவருக்கு வேறு நெருக்கடி. அதில் அதிகம் பயன்படும் ஃப்ளூரின்-18-இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் நேரம், ஏறத்தாழ 110 நிமிடம், தயாரித்த மருந்து மூன்றே முக்கால் மணி நேரத்துக்குள் கால்பங்காகக் குறைந்துவிடும். ஒருவர் வரத் தாமதமானால் அன்றைய சோதனையே போச்சு. அப்புறம் ஸ்கேன் நேரம். மருத்துவமனை இயந்திரம் என்றால் நோயாளிகளுக்குப் போக மிச்சமிருப்பதுதான் ஆய்வுக்கு, அதனால் மாலையும் வார இறுதியும் இந்த மாணவர்களுக்கு வேலை நேரமாகிவிடுகிறது.

## தரவு ஏன் இவ்வளவு மெதுவாகக் கிடைக்கிறது

மருத்துவமனையில் லட்சக்கணக்கான படங்கள் இருக்கும்போது அவற்றைக் கொடுத்துவிட்டால் என்ன என்று புதிதாகச் சேரும் மாணவர் கேட்பார். கொடுக்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது.

மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் 2015-இல் நிறைவேறியது, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இலிருந்தே இருக்கிறது. நோயாளிகளின் தரவைத் தொடும் ஆய்வு, நெறிமுறை மறுஆய்வுக் குழு வழியாகப் போக வேண்டும். பொது மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த்தில் அதை சி.ஐ.ஆர்.பி. என்கிறார்கள், தேசியச் சுகாதாரப் பராமரிப்புக் குழுமத்தில் டி.எஸ்.ஆர்.பி. விண்ணப்பிக்கும் முன்பே மாணவர் ஆய்வு நெறிமுறைப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். 2018-இல் சிங்ஹெல்த் மீது நடந்த இணையத் தாக்குதலில் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடுபோயின, அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரமும் அதில் இருந்தது. அதற்குப் பிறகு பொது மருத்துவமனைகள் தரவு விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கையாக இருப்பதில் எந்த ஆச்சரியமும் இல்லை.

பெயரை அழித்துவிட்டால் போதும் என்பதும் தவறான எண்ணம். மருத்துவப் படங்கள் டைகாம் என்ற வடிவத்தில் சேமிக்கப்படுகின்றன. படத்தோடு பெயர், பிறந்த தேதி, அடையாள எண், எடுத்த நேரம், இயந்திரத்தின் விவரம் எல்லாம் ஒட்டிக்கொண்டே வரும். அவற்றையெல்லாம் நீக்கினாலும் தலை எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து முகத்தையே மீண்டும் உருவாக்க முடியும். 2019-இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்தவர்கள் 84 தொண்டூழியர்களின் எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து உருவாக்கிய முகங்களைச் சாதாரண முகமறியும் மென்பொருளிடம் கொடுத்தார்கள், 70 பேரை அது சரியாக அடையாளம் காட்டியது. அதனால்தான் முகப் பகுதியைத் துடைத்துவிட்டுத் தரவைப் பகிரும் பழக்கம் வந்தது. இதை மாணவர் ஒரு தொல்லையாக நினைக்காமல் பயிற்சியின் பகுதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். படத்துக்குப் பின்னால் இருப்பவர் அங் மோ கியோவிலோ ஈசூனிலோ வசிக்கும் நம் அக்கம்பக்கத்தவர்.

## தவறுகள் எப்படி நுழைகின்றன

கட்டுரையின் மையம் இதுதான். கீழே இருப்பவற்றில் ஒன்றுகூட முட்டாள்தனத்தால் வந்த தவறு அல்ல. நல்ல கணிதம் தெரிந்தவர்கள், பெரிய ஆய்வுக்கூடங்களில் இருந்தவர்கள் செய்தவை.

1. குறுக்குவழி. நெஞ்சு எக்ஸ்ரேயில் நிமோனியா கண்டுபிடிக்கும் கணினி மாதிரிகளை, அதாவது படங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் நிரல்களை, 2018-இல் சோதித்த ஆய்வு ஒன்று, மூன்று அமெரிக்க நிறுவனங்களின் 1,58,323 படங்களை எடுத்துக்கொண்டது. ஒரு மருத்துவமனையின் படங்களில் நிமோனியா 34 விழுக்காடு, இன்னொன்றில் ஏறக்குறைய 1 விழுக்காடு. படம் எந்த மருத்துவமனையிலிருந்து வந்தது என்பதைக் கணினியால் கிட்டத்தட்டத் தவறே இல்லாமல் சொல்ல முடிந்தது. அதைச் சொல்லத் தெரிந்துவிட்டால் நுரையீரலைப் பார்க்காமலே பாதி விடையை ஊகித்துவிடலாம் அல்லவா? படத்தின் ஓரத்தில் ரேடியோகிராபர் வைக்கும் உலோகக் குறிகூட அதற்குத் துப்பாக இருந்தது. பயிற்சி பெற்ற அதே இடத்தில் சோதித்தால் மதிப்பெண் பிரமாதமாக வரும், வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் இறங்கிவிடும்.

2. கசிவு. ஒரு நோயாளியின் சி.டி. ஸ்கேனில் பல நூறு துண்டுப் படங்கள் இருக்கும். அவற்றைக் கலைத்துப்போட்டு, பாதியைப் பயிற்சிக்கும் பாதியைச் சோதனைக்கும் வைத்தால் ஒரே ஆளின் அடுத்தடுத்த துண்டுகள் இரண்டு பக்கமும் விழும். வினாத்தாளை முதல் நாளே கையில் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைப்பது போல. தரவை நோயாளி வாரியாகத்தான் பிரிக்க வேண்டும். ஒரு வரியில் சொல்லிவிட்டேன், ஆனால் வெளியான கட்டுரைகளிலேயே இது திரும்பத் திரும்பக் காணப்படும் தவறு.

3. ஆயிரக்கணக்கான கேள்விகளை ஒரே நேரத்தில் கேட்பது. மூளை வேலை செய்வதைப் பார்க்கும் செயல்சார் எம்.ஆர்.ஐ., மூளையை வாக்செல் என்ற சிறு சிறு கனசதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மாற்றம் உண்டா என்று கேட்கிறது. ஒரு லட்சம் வாக்செல் என்று வைத்துக்கொள்வோம், ஒவ்வொரு கேள்விக்கும் தவறான விடை வரும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுதான் என்றாலும், எதுவுமே நடக்காத மூளையில் சுமார் 100 இடங்கள் ‘ஒளிரும்’. 2009-இல் ஒரு குழு செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களை அதற்குக் காட்டி, இத்தனை கேள்விகளுக்கான திருத்தம் செய்யாத கணக்கில் அதன் மூளையிலும் செயல்பாடு தெரிவதைக் காட்டியது. அதற்கு, சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபெல் பரிசு 2012-இல் கிடைத்தது. 2016-இல் வெளியான இன்னோர் ஆய்வு, பரவலாகப் பயன்பட்ட மென்பொருள்கள் சில அமைப்புகளில் 70 விழுக்காடு வரை பொய்யான கண்டுபிடிப்புகளைத் தரக்கூடும் என்று நிரூபித்தது. 2020-இல் 70 குழுக்களிடம் ஒரே தரவைக் கொடுத்து ஒரே ஒன்பது கேள்விகளைக் கேட்டபோது விடைகள் ஒத்துப்போகவில்லை. எந்த இரண்டு குழுவும் தரவை ஒரே வழியில் கையாளவும் இல்லை.

4. அடிப்படை விகிதம். 1,000 பேரில் 10 பேருக்கு நோய் இருக்கிறது. மென்பொருள் நோயுள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் 90 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால் நோயுள்ள 9 பேரைப் பிடிக்கிறது, நோயில்லாத 99 பேரையும் பயமுறுத்துகிறது. ‘உங்களுக்கு இருக்கிறது’ என்று சொல்லப்பட்ட 108 பேரில் உண்மையில் இருப்பது 9 பேருக்கு, அதாவது பன்னிரண்டில் ஒருவருக்கு. மிச்சப் பேர் எத்தனை இரவு தூங்காமல் இருந்திருப்பார்கள், எத்தனை பேருக்குத் தேவையில்லாமல் ஊசி குத்தித் திசு எடுத்திருப்பார்கள் என்பது எந்தக் கட்டுரையின் அட்டவணையிலும் வராது.

இப்போது கொவிட். நெஞ்சுப் படத்திலிருந்து கொவிட்டைக் கண்டுபிடிப்பதாகச் சொன்ன ஆய்வுகளை 2021-இல் ஒரு குழு சல்லடை போட்டுப் பார்த்தது. 2,212 ஆய்வுகளில் தொடங்கி, தரமானவை என்று 62-ஐ எடுத்துப் படித்தது. மருத்துவத்தில் பயன்படுத்தக்கூடிய நிலையில் இருந்தது ஒன்றுமில்லை. சில மாதிரிகளில் கொவிட் உள்ளவர்கள் பெரியவர்கள், ‘கொவிட் இல்லாதவர்கள்’ என்று சேர்த்திருந்தது 1 முதல் 5 வயதுக் குழந்தைகளின் எக்ஸ்ரே. அந்த மாதிரிகள் கற்றுக்கொண்டது வயதைப் பிரிக்க. நோக்கம் நல்லதுதான், உழைப்பும் கொட்டப்பட்டது. ஆனால் அந்தப் படங்கள் யாருடையவை, எங்கே, எதற்காக எடுக்கப்பட்டவை என்று உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை. அந்த ஆளை உருவாக்குவதுதான் முனைவர் பட்டப் பயிற்சி என்பேன்.

சரியாகச் செய்தால் எப்படியிருக்கும் என்பதற்கும் இங்கேயே உதாரணம் உண்டு. நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பைக் கண்டுபிடிக்க சிங்கப்பூர்க் கண் ஆய்வுக் கழகமும் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு மென்பொருளை உருவாக்கின, செலினா பிளஸ் என்று பெயர். 2017-இல் வெளியான ஆய்வில் மொத்தம் 4,94,661 விழித்திரைப் படங்கள். அதில் எண்ணிக்கையை விட எனக்கு முக்கியமாகப் படுவது சோதித்த விதம். பயிற்சிக்குப் பயன்படாத ஆண்டுகளின் உள்ளூர்ப் படங்களில் முதலில், பிறகு வெவ்வேறு இனத்தவரிடம் எடுக்கப்பட்ட பத்துத் தனித் தொகுப்புகளில். சிங்கப்பூர் மலாய்க்காரர், இந்தியர், சீனர் ஆய்வுகளின் படங்களும் அவற்றில் இருந்தன. நம்மவர்களிடையே நீரிழிவு எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இந்தியர்களின் கண்ணில் சோதிக்காத ஒரு மென்பொருளைப் பலதுறை மருந்தகத்தில் நம் பெற்றோருக்குப் பயன்படுத்த நாம் சம்மதிப்போமா?

## மேற்பார்வையாளர் ஒருவர் போதாது

பொறியாளர் ஒருவர், மருத்துவர் ஒருவர் என்று இரண்டு மேற்பார்வையாளர்கள் இருப்பதே இந்தத் துறைக்குப் பொருந்தும். தாளில் பெயர் இருப்பதோடு நின்றால் பயனில்லை. மருத்துவர் படங்களைப் படிக்கும் அறையில் மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், மாதத்தில் சில மணி நேரமாவது. கட்டியின் எல்லையை வரைவதில் இரண்டு அனுபவமுள்ள மருத்துவர்களே ஒத்துப்போவதில்லை என்பதை அங்கேதான் கண்ணால் பார்க்க முடியும். பார்த்த பிறகு, தன் மாதிரியின் மதிப்பெண் 0.92-இலிருந்து 0.93-க்கு முன்னேறியதைப் பற்றி அவர் எழுதும் விதமே மாறிவிடும், ஏனென்றால் மருத்துவருக்குக் கவலை அந்த 0.01 இல்லை, தவறவிட்ட சின்னப் புள்ளி.

இதற்கு எதிராக இழுக்கும் சக்தி கட்டுரை எண்ணிக்கை. மிக்காய், ஐ.எஸ்.எம்.ஆர்.எம். போன்ற அனைத்துலகப் படவியல் மாநாடுகளுக்கு ஆண்டுதோறும் கெடு தேதி இருக்கிறது. மிக்காய் 2022-இலும் ஐ.எஸ்.எம்.ஆர்.எம். 2024-இலும் சிங்கப்பூரிலேயே நடந்தன, உள்ளூர் மாணவர்களுக்கு அது பெரிய வாய்ப்பு. ஆனால் கெடுவுக்குள் ஏதாவது அனுப்ப வேண்டும் என்ற அழுத்தம், இணையத்தில் தயாராகக் கிடைக்கும் பொதுத் தரவை எடுத்து ஒரு சிறு மாற்றம் செய்து அனுப்பும் பழக்கத்துக்குத் தள்ளுகிறது. மருத்துவமனைத் தரவுக்கு அனுமதி வாங்க ஓராண்டு செலவழித்த மாணவர் பின்தங்கியவர் போலத் தெரிகிறார். பல்கலைக்கழகங்கள் இதை மாற்ற வேண்டும், அந்த ஓராண்டு வேலையையும் ஆய்வாகவே மதிப்பிட வேண்டும்.

## சேரும் முன் கேட்க வேண்டியவை

1. தரவு ஏற்கெனவே கையில் இருக்கிறதா, அனுமதி வந்துவிட்டதா, இல்லை இனிமேல்தான் விண்ணப்பமா? ‘இனிமேல்தான்’ என்றால் முதல் ஆண்டில் வேறு என்ன செய்வது என்று திட்டம் இருக்க வேண்டும்.

2. மருத்துவ மேற்பார்வையாளர் யார், மாணவர்களை எத்தனை வாரத்துக்கு ஒருமுறை சந்திக்கிறார்? இதை அவரிடம் கேட்பதை விட இப்போதிருக்கும் மாணவர்களிடம் கேளுங்கள்.

3. ஸ்கேனரில் நேரம் கிடைக்குமா, அதற்குப் பணம் யாருடைய நிதியிலிருந்து?

4. குழுவின் பழைய மாதிரிகள் வெளி மருத்துவமனைப் படங்களில் சோதிக்கப்பட்டிருக்கின்றனவா? கட்டுரையைத் திறந்து அந்தப் பகுதியை மட்டும் தேடினாலே தெரிந்துவிடும்.

5. உபகாரச் சம்பளம் நான்கு ஆண்டில் நின்ற பிறகும் ஆய்வு முடியவில்லை என்றால் என்ன ஏற்பாடு? கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனால் வாடகை கட்ட வேண்டியவர் நீங்கள்.

6. முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? எல்லோரும் பேராசிரியராக முடியாது, இடம் அவ்வளவு இல்லை. ஸ்கேனர் தயாரிக்கும் நிறுவனங்கள், மருத்துவமனைகளின் ஆய்வுப் பிரிவுகள், மருத்துவ மென்பொருளுக்கு அனுமதி தரும் சுகாதார அறிவியல் ஆணையம், பொதுச் சுகாதாரத் துறையின் தொழில்நுட்ப நிறுவனமான சினாப்ஸ் போன்ற இடங்களில், விற்க வரும் மென்பொருளை வாங்கலாமா கூடாதா என்று சோதித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். மேலே சொன்ன நான்கு தவறுகளையும் வேறொருவருடைய அறிக்கையில் கண்டுபிடிக்கத் தெரிந்த பட்டதாரிக்கு அங்கே வேலை இருக்கிறது.